செல்வராணி வீட்டுச் சைரன்

நான் ஒன்றும் ஓய்வு பெற்றுவிட்டுப் பேசவில்லை. அதற்கு இன்னும் நிறைய வருடங்கள் இருக்கின்றன. சப்போர்ட் மேசையிலிருந்து எழுந்து, மாடியில் கருவிகளை வடிவமைக்கும் அறைக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த மேசைக்கு இன்று நான் பழைய ஆள், நீங்கள் புது ஆட்கள். எந்த விளக்கு மினுக்கினால் என்ன அர்த்தம், பேட்டரி தீர்ந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த கோப்பில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. கோப்பில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில், நம் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் அந்த வெள்ளிக்கிழமை புரியாது.

நம் நிறுவனரை நாம் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். விருதுநகரில் பூட்டும் தாழ்ப்பாளும் ஆணியும் விற்ற கடைக்காரக் குடும்பம் அவருடையது. பூட்டு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் "இத ஒடைக்க முடியுமா?" என்று கேட்பார்களாம். "எல்லாத்தையும் ஒடைக்கலாம். ஒடைக்கிற சத்தம் யாருக்காவது கேக்குமான்னு பாருங்க" என்று அவருடைய அப்பா பதில் சொல்வாராம். அந்தப் பதிலிலிருந்து பிறந்ததுதான் நம் பெட்டி. ஒரு மையக் கருவி, கதவுக்கு இரண்டு துண்டாக ஒரு சென்சார், வாசலைப் பார்க்க ஒரு சின்னக் கேமரா, ஒரு சைரன். வீட்டுக்கு ஆள் வந்து மாட்டத் தேவையில்லை. ஒயர் இழுக்கத் தேவையில்லை. பின்னால் இருக்கும் தாளை உரித்து வீட்டுக்காரர்களே ஒட்டிக்கொள்ளலாம்.

தொடங்கியபோது கடையின் பின்கட்டில் நாலைந்து பேர்தான் இருந்தோம். முதலில் வாங்கியவர்கள் விருதுநகர் வியாபாரிகள். அடுத்து, மல்லாங்கிணறு பக்கம் அப்பா அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். அதற்குப் பிறகு சாத்தூர், சிவகாசி. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் வாங்கி, அவர் சொல்லி இன்னொருவர் வாங்கி, அப்படித்தான் பெருகியது. ஒரு கட்டத்தில் தாயில்பட்டிப் பக்கம் இருக்கும் பட்டாசுக் கிராமங்களிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியது. அங்கே புருஷனும் பொண்டாட்டியும் வேலைக்குப் போகிற வீடுகள் அதிகம். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். நம் பெட்டி யாருக்கு வேண்டுமோ அவர்கள் இவர்கள்தான் என்று அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம்.

அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. நம் பெட்டி வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரியும். கதவு திறந்தால் வீட்டுக்காரரின் கைபேசிக்குச் செய்தி போகும். பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாயிலிலேயே அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே, வீடு பூட்டியிருக்கிற நேரம் முழுவதும் அந்த வீட்டுக்காரருக்கு நாம் அனுப்பும் செய்தி போய்ச் சேராது. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். ஒன்று, சைரனை முழுச் சத்தத்தில் வைப்பது. இரண்டு, அவர்கள் சம்மதத்தோடு, சைரன் ஒலித்தால் மட்டும் நம் மேசையிலிருந்து வாசல் கேமராவைப் பார்ப்பது, தேவைப்பட்டால் பெட்டியின் ஒலிபெருக்கி வழியாகப் பேசுவது. வாசலில் இருப்பவர் பேசினால் நமக்கும் கேட்கும். இவ்வளவு யோசித்த நாங்கள் யோசிக்காமல் விட்டது அந்தச் சைரனின் சத்தத்தைப் பற்றித்தான். ஏறி இறங்கி ஊளையிடும் சத்தம் அது. விருதுநகரில் வைத்துச் சோதித்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. நல்ல சத்தம் என்று எல்லோரும் சொன்னோம்.

செல்வராணி அக்காவை இப்போது நீங்கள் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். தாயில்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் மகளிர் குழுவை நடத்துகிறவர். பக்கத்திலிருக்கும் ஆலையில் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் வேலை. ரசாயனக் கலவையை அங்கே மருந்து என்பார்கள். அந்தத் தெருவில் முதலில் நம் பெட்டியை வாங்கியவர் அவர்தான். தானே ஒட்டினார். பிறகு குழுவில் வாங்கியவர்களுக்கெல்லாம் அவரே போய் ஒட்டிக்கொடுத்தார். தெருவில் பாதி வீட்டுக்கு நம் பெட்டி வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் எனக்கு ஃபோன் செய்து, "சப்போர்ட் பாப்பா இருக்கா?" என்று கேட்பார். நான் இன்ஜினியரிங் படித்து முடித்து வருடங்கள் ஆகியும் அவருக்கு நான் பாப்பாதான்.

தீபாவளி சீசன். ஆலைகளில் வேலை நெருக்கும் காலம். வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். செல்வராணி அக்கா வீட்டுச் சைரன் ஒலிப்பதாகத் திரையில் வந்தது. வழக்கப்படி அவர் கைபேசிக்கு அழைத்தேன். அணைந்திருந்தது. கேமராவைத் திறந்தேன்.

அந்தக் கேமரா வாசற்படிக்கு மேலே கீழ்நோக்கி இருக்கும். வாசலும் தெருவில் ஒரு துண்டும் தெரியும். கதவு மூடித்தான் இருந்தது. பூட்டும் தொங்கியது. வாசலில் யாரும் இல்லை. ஆனால் தெருவில் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. செருப்பில்லாத கால்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும் கால்கள். எல்லாம் ஒரே திசையில்.

திருடன் என்றால் ஜனங்கள் அந்த வீட்டை நோக்கி வருவார்கள், அல்லது எட்டி நின்று பார்ப்பார்கள். இவர்கள் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார்கள். ஒரு பெண் ஓடிக்கொண்டே கத்தியது என் மேசையில் கேட்டது.

"எந்தக் கம்பெனிடி? எந்தக் கம்பெனி?"

அங்கே கம்பெனி என்றால் பட்டாசு ஆலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊர்ப்பக்கம் ஏறி இறங்கி ஊளையிடும் சத்தம் கேட்டால் அது ஆம்புலன்ஸ், அல்லது தீயணைப்பு வண்டி. அந்த வண்டிகள் எங்கே போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணவன், மகள், தம்பி என்று வீட்டுக்கு ஒருவராவது ஆலைக்குள் இருக்கிறார். அதனால்தான் அவர்கள் ஓடினார்கள்.

நான் உடனே சைரனை நிறுத்தினேன். நிறுத்தினால் போதுமா? ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். சத்தம் நின்றதற்கு அவர்கள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார்களோ.

ஆலை அந்தத் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். இத்தனை பெண்கள் வாயிலில் போய்க் கூச்சலிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். சின்னச் சின்ன அறைகளில், கையில் மருந்தோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். பக்கத்து அறையில்தான் ஏதோ என்று நினைத்து எழுந்து ஓடினால் எது உரசும், எது கவிழும்? ஒன்றுமே நடக்காத இடத்தில் நம் சைரன் ஒன்றை நடத்திவிடும். உள்ளே இருந்தவர்களில் செல்வராணி அக்காவும் ஒருவர்.

நான் பட்டியல் போட்டு யோசிக்கிற ஆள். அன்றும் அப்படித்தான் யோசித்தேன். தெரிந்தது: ஒலித்தது நம் சைரன். தெரிந்தது: கதவு மூடியிருக்கிறது. தெரியாதது: சைரன் ஏன் ஒலித்தது. தெரியாதது: ஆலையில் இப்போது என்ன நிலைமை.

அண்ணாச்சி என் முகம் மாறியதைப் பார்த்து எழுந்து வந்திருந்தார். நான் இரண்டு வரியில் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து மனிதர் இல்லையா?

"பெட்டி வழியாப் பேசும்மா. கம்பெனியில ஒண்ணும் நடக்கல, எல்லாரும் திரும்பி வாங்கன்னு சொல்லு."

"அது நமக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"நம்ம சைரன்தானம்மா அது?"

"சைரன் நம்மளோடது. கம்பெனியில என்ன நடக்குதுன்னு நம்ம பாக்கலையே. நீங்க அந்தக் கம்பெனி ஆபீஸ் நம்பர் பிடிங்க. நான் தெரிஞ்சத மட்டும் சொல்றேன்."

ஒரு நொடி என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை எடுத்துச் சிவகாசியில் இருக்கும் மச்சானை அழைத்தார். அந்த ஊரில் எந்த ஆலை முதலாளியும் யாராவது ஒருவருக்கு மச்சானாகவோ மாப்பிள்ளையாகவோதான் இருப்பார். நான் ஒலிபெருக்கியைத் திறந்தேன்.

"இது செல்வராணி அக்கா வீட்டு அலாரம். இந்தச் சத்தம் இந்த வீட்டுப் பெட்டியில இருந்துதான் வந்துச்சு. நான் அலாரம் கம்பெனியில இருந்து பேசுறேன். இது செல்வராணி அக்கா வீட்டு அலாரம்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கேமராவில் தெரு காலியாகிவிட்டிருந்தது. யாருக்காகப் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசினேன். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏத்தா! பூட்டுன வீட்டுக்குள்ள இருந்து யாரு பேசுறது?"

எதிர்வீட்டுப் பேச்சியம்மா. பட்டாசுக்கான காகிதக் குழாய்களை வீட்டிலிருந்தே சுற்றிக் கொடுக்கிறவர். முழங்கால் வலியால் ஓட முடியாமல் அவர் மட்டும் தங்கிவிட்டிருந்தார்.

"நான் வீட்டுக்குள்ள இல்லம்மா. விருதுநகர்ல இருந்து பேசுறேன்."

"விருதுநகர்ல இருந்து பேசுனா இங்கன கேக்குமா? யார ஏமாத்துற? வெளிய வா!"

"பெட்டி வழியாப் பேசுறேன்மா. செல்வராணி அக்கா வாசல்ல ஒட்டியிருக்காகல்ல, வெள்ளைப் பெட்டி."

"அந்த டப்பாவா? அதுவா இப்பக் கத்துச்சு?"

"அதுதாம்மா கத்துச்சு."

"நாசமாப் போச்சு! அம்புட்டுப் பேரும் கம்பெனிக்கு ஓடிட்டாளுக." பிறகு குரல் வேறு மாதிரி வந்தது. "அப்ப கம்பெனியில ஒண்ணும் இல்லையே தாயி?"

அண்ணாச்சி எதிரே நின்றுகொண்டிருந்தார். ஒரு காதில் கைபேசி. இன்னொரு கையால் 'இல்லன்னு சொல்லு, சொல்லு' என்று சைகை காட்டினார். சொல்லிவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு பதிலைத் தவிர வேறு என்ன கொடுப்பது?

"எனக்குத் தெரியாதும்மா. கேட்டுக்கிட்டு இருக்கோம். இந்தச் சத்தம் கம்பெனியில இருந்து வரல, இந்தப் பெட்டியில இருந்து வந்துச்சு. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அவர் தன் கைபேசியில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"சரி. அவளுகளுக்கு யாரு சொல்றது? பக்கத்து வீட்டு முருகேஸ்வரிக்குப் போனப் போட்டா, போனு அவ வீட்டுக்குள்ளதான் மணியடிக்குது."

அந்த நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ கேமராவுக்குள் வந்து நின்றது. பேச்சியம்மாவுக்குக் குழாய் சுற்றக் காகிதம் கொண்டுவந்த வண்டி. இறங்கிய ஓட்டுநரைப் பார்த்துப் பேச்சியம்மா போட்ட சத்தம் நம் சைரனுக்குச் சமம்.

"ஏலே, லோட எறக்காத! வண்டியத் திருப்பு!"

"என்னக்கா, ஆர்டர் இல்லையா?"

"ஆர்டர் கிடக்குது. கம்பெனி ரோட்டுல நம்ம தெருக்காரிக ஓடுறாளுக. முந்திப் போயி நிப்பாட்டு. செல்வராணி வீட்டு டப்பா கத்துச்சாம், அதுக்குத்தான் ஓடுறீகன்னு சொல்லு."

"எந்த டப்பா?"

"எந்த டப்பாவா இருந்தா ஒனக்கென்னலே? போ!"

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. அதே சமயத்தில் அண்ணாச்சிக்கு ஆலை அலுவலகம் கிடைத்தது. அவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்லாயிருக்காக. எல்லாரும் நல்லாயிருக்காக. மேனேஜரே வாசலுக்குப் போறாரு. உள்ள யாருக்கும் தெரியாமப் பாத்துக்கிறேங்கிறாரு."

அதற்குப் பிறகுதான் நான் ஒலிபெருக்கியில், "அம்மா, கம்பெனியில பேசிட்டோம். எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன். பேச்சியம்மா தன் வாசற்படியில் உட்கார்வது கேட்டது.

பெரும்பாலானவர்களை லோடு ஆட்டோ பாதி வழியிலேயே நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதே கால்கள் கேமராவில் திரும்பி வந்தன, மெதுவாக. சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் நம்மைத் திட்டிக்கொண்டு. எனக்கு அந்தத் திட்டு அவ்வளவு இதமாக இருந்தது.

முருகேஸ்வரி மட்டும் திரும்பவில்லை. ஆட்டோக்காரர் சொன்னதைக் கேட்டும் நிற்காமல் ஆலை வாயில் வரை போய்விட்டார். அவருடைய கணவர் கருப்பசாமி அங்கேதான் வேலை செய்கிறார். எல்லாரும் பத்திரம் என்று மேனேஜர் சொல்லியும் அவர் நகரவில்லையாம். கடைசியில் கருப்பசாமியை ஏதோ வேலை என்று சொல்லி வாயிலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவரை முருகேஸ்வரி தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "மத்தியானம் சாப்பிட்டீகளா?" என்று கேட்டாராம்.

"சாப்பிட்டேன். நீ எதுக்கு இங்கன வந்த?"

"சும்மாதான்."

அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டாராம். இதைச் செல்வராணி அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

சைரன் ஏன் ஒலித்தது என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது வழக்கம் இல்லையா? செல்வராணி அக்கா சென்சாரைப் பெயர்த்து வைத்துவிட்டு, நிலையைக் கழுவி மஞ்சள் பூசி, அது காய்வதற்குள் சென்சாரை அதன் மேலேயே திரும்ப ஒட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மத்தியான வெயிலில் மஞ்சள் காய்ந்து உதிர, அதோடு சென்சாரின் ஒரு துண்டும் விழுந்துவிட்டது. இரண்டு துண்டும் பிரிந்தால் கதவு திறந்துவிட்டது என்றுதான் பெட்டி எடுத்துக்கொள்ளும். 'சுத்தமான, உலர்ந்த இடத்தில் ஒட்டவும்' என்று நம் கையேட்டில் எழுதியிருந்தோம். மஞ்சள் பூசிய நிலையைவிடச் சுத்தமான இடம் எது என்று செல்வராணி அக்கா என்னைக் கேட்டார். இப்போது பெட்டியோடு இரண்டு திருகாணியும், நிலையின் உட்பக்கத்தில் எங்கே மாட்டுவது என்ற படமும் போவது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை, ஆலை விடுமுறை. அண்ணாச்சியும் நானும் அந்தத் தெருவுக்குப் போனோம். பெட்டிகள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் போகச் சொல்லித்தான் வரச் சொல்லியிருந்தார்கள். குழுக் கூட்டம் நடக்கும் சமுதாயக் கூடத்தில் பெட்டிகள் சிலவற்றை ஏற்கெனவே கழற்றி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். செல்வராணி அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தெருவில் இருந்தவர்களை வாங்கச் சொன்னவர் அவர். அவர் பேச்சை நம்பி வாங்கியவர்கள் அன்று அவர் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

முருகேஸ்வரிதான் முதலில் பேசினார்.

"திருடன் வந்தா நகைதான் போகும். அந்தச் சத்தம் இன்னொரு தடவ கேட்டா எனக்கு உசுரே போயிரும். எனக்கு வேண்டாம்."

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டார். சைரனை நிறுத்திவிட்டுக் கைபேசிச் செய்தி மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றார். கைபேசிதான் உள்ளே வராதே என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். நான் பல யோசனைகளை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டாவது வரியிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது பேச்சியம்மா சுவரில் சாய்ந்துகொண்டே சொன்னார்:

"ஒரு விஷயம் சொல்றேன். அன்னைக்கு இந்தப் புள்ளகிட்ட, கம்பெனியில ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேன். தெரியாதுன்னுச்சு. சும்மானாச்சும் இல்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். விருதுநகர்ல உக்காந்துக்கிட்டு இவளுக்கு என்ன தெரியும்னு நானும் நொண்டிக்கிட்டே ஓடியிருப்பேன். தெரியாததத் தெரியாதுன்னு சொன்னாளே, அதனாலதான் டப்பா கத்துச்சுன்னு சொன்னத நம்பி ஆட்டோவ அனுப்புனேன்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கையில் வைத்திருந்த கார்ச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கிளம்பும் எண்ணத்தை விட்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

"அந்தச் சத்தம் இனி வராது" என்றேன். "வேற என்ன சத்தம் வைக்கலாம், நீங்களே சொல்லுங்க."

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. கோயில் மணி வைக்கலாம் என்றார் ஒருவர். தீபாராதனை என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்போம் என்று மறுத்துவிட்டார்கள். ஐஸ் வண்டி மணி என்றார் இன்னொருவர். பிள்ளைகள் காசு கேட்டு உயிரை வாங்கும் என்றார்கள். "எங்க மாமியா கொரலப் போடுங்க. திருடன் மட்டுமில்ல, நாங்களும் ஓடிருவோம்" என்று ஒரு மருமகள் சொல்ல, அந்த மாமியார் அங்கேயே உட்கார்ந்திருந்ததால் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

சிரித்து முடித்த செல்வராணி அக்கா அன்று முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"பாப்பா, வேடிக்கைக்குச் சொன்னாலும் அது நடக்குமா? எங்க கொரலையே போட முடியுமா? யாரு வீடுன்னு தெரிஞ்சிரும்ல. அன்னைக்கு நீ பேசுன மாதிரி."

முடியும். நம் பெட்டியில் ஏற்கெனவே ஒலிபெருக்கி இருக்கிறது. மென்பொருளில் கொஞ்சம் மாற்றினால் போதும். இன்று நாம் விற்கும் எல்லாப் பெட்டியிலும் வீட்டுக்காரர் குரலைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறதே, அது அந்தக் கூடத்தில் பிறந்ததுதான். பிறகு மற்ற ஊர்க்காரர்களும் அதையே கேட்டு வாங்கினார்கள். நாம் இவ்வளவு பேராக வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

அடுத்த வாரம் மாற்றங்களைச் செய்து முடித்துவிட்டுப் போய் ஒவ்வொருவர் குரலையும் நானே பதிவு செய்தேன். முருகேஸ்வரி கடைசியாகத்தான் வந்தார். வேண்டாம் என்று சொன்னவர் வந்ததே எனக்குப் பெரிய விஷயம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது முருகேஸ்வரி வீடு. கதவு தொறந்திருக்கு. வந்து பாருங்க. கம்பெனியில ஒண்ணும் இல்ல" என்று பேசினார்.

"கடைசி வரி மட்டும் வேண்டாம்க்கா" என்றேன்.

"ஏன்? அதுதான முக்கியம்?"

"பெட்டிக்கு வீட்டுக் கதவு மட்டும்தான் தெரியும். ஒருவேளை அதே நேரத்துல…" என்று தொடங்கி, மேலே சொல்ல மனமில்லாமல் நிறுத்திவிட்டேன்.

முருகேஸ்வரி என்னை நன்றாகப் பார்த்தார். நான் முடிக்காத வாக்கியத்தை அந்தத் தெருவில் யாருக்கும் முடித்துச் சொல்லத் தேவையில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, திரும்ப எடு" என்றார். இந்த முறை கடைசி வரி இல்லை.

இதைத்தான் உங்களுக்கு விட்டுப் போகிறேன். மேசையில் உட்கார்ந்திருக்கும்போது மறுபக்கத்தில் நடுங்கும் குரலில் ஒருவர் கேட்பார். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட நாக்கு துடிக்கும். அவர் நிம்மதியானால் உங்களுக்கும் நிம்மதி. ஆனால் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததை உடனே விசாரிக்க ஆளை ஏவுங்கள். தெரிந்த பிறகு ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சொல்லுங்கள். அன்று நாம் சொல்லியிருக்கக்கூடிய ஆறுதல் உண்மையாகத்தான் முடிந்தது. ஆனால் அதைச் சொல்லும் நேரத்தில் அது உண்மையா என்று நமக்குத் தெரியாது.

குரல் மாற்றிய பிறகு அந்தத் தெருவில் முதல்முதலாக அலாரம் ஒலித்ததையும் சொல்லிவிடுகிறேன். முருகேஸ்வரி வீட்டில்தான். வானம் கறுத்து இடி இடிக்கத் தொடங்கினால் ஆலைகளில் வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்றும் சாயங்காலத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். முருகேஸ்வரி கடைக்குப் போயிருந்தார். திரையில் எச்சரிக்கை வந்ததும் கேமராவைத் திறந்தேன்.

தூறலில் நனைந்தபடி, கையில் தூக்குவாளியோடு கருப்பசாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அலாரத்தை அணைக்காமல் கதவைத் திறந்துவிட்டார். பெட்டியிலிருந்து அவர் மனைவியின் குரல் தெருவே கேட்க அதட்டியது.

"இது முருகேஸ்வரி வீடு. கதவு தொறந்திருக்கு. வந்து பாருங்க."

"நாந்தான்டி" என்றார் கருப்பசாமி பெட்டியைப் பார்த்து.

"இது முருகேஸ்வரி வீடு. கதவு தொறந்திருக்கு. வந்து பாருங்க."

"அட, நாந்தான்டி வந்திருக்கேன்!"

தெருவிலிருந்து கால்கள் வந்தன. இந்த முறை அந்த வீட்டை நோக்கி. யாரும் ஓடவில்லை. பேச்சியம்மா பாதி சுற்றிய குழாயைக் கையில் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தார். நாலைந்து பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். கடைசியாக, பையைத் தூக்கிக்கொண்டு முருகேஸ்வரி. அவரும் நடந்துதான் வந்தார். தன் குரல் தன் புருஷனை அதட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு சாவகாசமாக அலாரத்தை அணைத்தார்.

"மழையில நிக்காம உள்ள போங்க" என்றார்.

நான் மேசையில் அதைத் தவறான எச்சரிக்கை என்று குறித்துவிட்டு மூடினேன்.